முந்தி ஓடுகிற தம்பி

"டீச்சர், ஒரு பாட்டுலருந்து ஒரு ஆளை எப்படி வெட்டி எடுக்கது?"

செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நேசையா கேட்டுவிட்டார்.

பெனினா ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

"யாரை அண்ணாச்சி?"

"என் தம்பியை."

அவள் நாற்காலியைக் காட்டினாள். அவர் உட்காரவில்லை. அவ்வளவு கோபம்.

நேசையாவைத் தூத்துக்குடியில் தெரியாதவர்கள் குறைவு. சர்ச் கொயர் பாட்டுக்குழுவை முப்பது வருஷமாகக் கட்டி மேய்க்கிறவர். அவர் தாளம் தப்பினார் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லத்தான் யாருக்குத் தைரியம்!

அப்பேர்ப்பட்டவர், வீட்டிலிருந்தே கிட்டாரைப் போனில் பதிவு செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று இந்தச் சின்னப் பெண்ணிடம் வந்து சேர்ந்திருந்தார். பெனினா சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவள். இப்போது ஊருக்கு வந்து வீட்டு முன்னறையில் சொல்லிக்கொடுக்கிறாள். சொல்லிக்கொடுக்கிறாள் என்று பெயர்தானே தவிர, பேச்சு ரொம்பக் கம்மி.

"தம்பி என்ன செஞ்சாங்க?"

"ஓடுதான் டீச்சர். தாளத்துக்கு முந்தி முந்தி ஓடுதான்."

விஷயம் இதுதான். சனிக்கிழமை அவர் அக்கா மகளுக்குக் கல்யாணம். தம்பி ஆசீர் தோகாவில் இருக்கிறான். லீவு இல்லை என்று கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். "பாட்டுலயாவது நான் இருக்கேண்ணே" என்று அழாத குறையாகக் கேட்டான்.

ஆகவே, அவன் அங்கே கிட்டார் வாசித்து அனுப்புவான். அதைக் காதில் கேட்டபடியே இவர் இங்கே தன் கிட்டாரை அதன்மேல் பதிவு செய்வார். இரண்டும் சேர்ந்து ஒரே பாட்டாகக் கல்யாண மண்டபத்தில் ஒலிக்கும்.

எங்கே சேர்ந்தது? அவன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம்.

"திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிட்டேன். அதே ஓட்டம். போன வாரம் கண்டமேனிக்குத் திட்டிட்டேன். 'உனக்கெல்லாம் எதுக்குடே கிட்டாரு, பூட்டி வை'ன்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்ல? மறுநாள் இன்னொண்ணு அனுப்பினான். அதுவும் ஓடுது. அவனைத் தூக்கிட்டு நான் மட்டும் வாசிச்சிருதேன். மண்டபத்துல மானம் போகக் கூடாது, பாருங்க."

"இங்க ஒரு தடவை வாசிங்க."

நேசையா உட்கார்ந்தார். பையிலிருந்து சின்னக் கறுப்புப் பெட்டியை எடுத்தார். கிட்டார் ஒயரை ஒரு பக்கமும் போனை இன்னொரு பக்கமும் செருக வேண்டும். இன்டர்ஃபேஸ் என்பார்கள். ஹெட்போனையும் அதில்தான் செருக வேண்டும் என்று பெனினா முதல் நாளே சொல்லியிருந்தாள்.

ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்தது ஒயரே இல்லாத இயர்போன். மகன் வாங்கிக் கொடுத்த விலை உசத்திச் சாமான். காலைச் சுற்றுகிற ஒயரோடு யார் மாரடிப்பது?

ஒரு காதில் அதை மாட்டிக்கொண்டு வாசித்தார். அழகாகத்தான் வாசித்தார். பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டுக் காட்டினார்.

"கேட்டீங்களா? ஓடுதானா இல்லையா?"

பெனினா அவர் போனை வாங்கினாள். அதில் டிரம்ஸ் படம் போட்ட ஓர் ஆப்பைத் திறந்து வைத்தாள்.

"தட்டுங்க."

"இது எதுக்கு?"

"விரலைப் பார்த்துக்கிட்டே தட்டுங்க."

தட்டினார். விரல் விழுந்தது. அப்புறம்தான் காதில் 'தொம்' என்றது.

இன்னொரு தடவை தட்டினார். விரல். அப்புறம் தொம்.

"என்ன டீச்சர், தட்டி முடிச்ச பொறவுல்லா சத்தம் வருது! போன் கோளாறா?"

அவள் அவர் காதிலிருந்து இயர்போனைக் கழற்றினாள். தன் கழுத்தில் கிடந்த ஹெட்போனை அவருக்கு மாட்டி, ஒயரைப் பெட்டியில் செருகினாள்.

தட்டினார். விரலும் தொம்மும் ஒன்றாக விழுந்தன.

நேசையா மறுபடியும் தட்டிப் பார்த்தார்.

"அப்பம் இந்த ஒயரில்லாத சாமான்ல ஆசீர் வாசிச்சது எனக்குப் பிந்திதான் வந்து சேர்ந்திருக்கு."

"ஆமா."

"நான் அதுக்குச் சரியாத்தான் வாசிச்சிருக்கேன்."

"ரொம்பச் சரியா."

"ஆனா நான் வாசிச்சது பாட்டுல பிந்தி விழுந்திருக்கு. அடப்பாவி! நானா பிந்துனேன்?"

அவள் தலையாட்டினாள். அவருக்கு முகம் சிவந்துபோனது. மறு நிமிஷமே தேறிக்கொண்டார்.

"சரி, போகட்டும். ஒயரைப் போட்டு இப்பமே வாசிச்சிருதேன். இதையெல்லாம் அவன்கிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு? பாட்டு சேர்ந்தாப் போதும்லா."

பெனினா தம்பியின் வாசிப்பை அணைத்துவிட்டு, தாளத்துக்கான 'டிக் டிக்'கை மட்டும் ஓடவிட்டாள்.

"அவங்க இதைக் கேட்டுத்தானே வாசிச்சாங்க?"

"இதேதான். நான்தான் வேகம் பார்த்து அனுப்பினேன்."

"அப்ப நீங்களும் இதை மட்டும் கேட்டு வாசிங்க."

வாசித்தார். ஒவ்வொரு மீட்டலும் டிக்கின் உச்சந்தலையில் விழுந்தது. முடித்ததும் தம்பி கடைசியாக அனுப்பியதை அதோடு சேர்த்துப் போட்டாள்.

சேரவில்லை.

நேசையா துள்ளி எழுந்தார்.

"பார்த்தீங்களா டீச்சர்! இப்பம் அவன் பிந்துதான்! நான்தான் சொன்னேம்லா, அவனுக்குத் தாளம்ங்கிற சங்கதியே கிடையாது!"

"முதல்ல அனுப்பினது எல்லாம் இருக்கா?"

"வாட்ஸ்அப்ல கிடக்கும். குப்பைதான்."

பெனினா அத்தனையையும் எடுத்து, வந்த வரிசைப்படி ஒன்றின்கீழ் ஒன்றாகத் திரையில் அடுக்கினாள். தாளத்தின் டிக்குகள் செங்குத்துக் கோடுகளாக நின்றன. ஒவ்வொரு மீட்டலும் ஒரு சின்ன மேடாகத் தெரிந்தது.

போனை அவர் பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

முதலில் அனுப்பியதில் மேடுகள் எல்லாம் கோட்டின்மேல் கச்சிதமாக இருந்தன. அடுத்ததில் கோட்டைவிட்டுத் துளி பின்னால். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். திட்டு வாங்கிய மறுநாள் அனுப்பியதில் நன்றாகவே பின்னால்.

நேசையா மேலிருந்து கீழே விரலால் இழுத்துப் பார்த்தார். மறுபடியும் மேலே போனார்.

"முதல் தடவையே சரியாத்தான் வாசிச்சிருக்கான்."

"ம்."

"பொறவு எதுக்கு..."

பெனினா கடைசி வரிசையின்மேல் விரலை வைத்தாள்.

அவருக்கு இப்போதுதான் புரிந்தது. ஓடுகிறாய், ஓடுகிறாய் என்று சொல்லச் சொல்ல, சரியாக நின்றிருந்த பையன் அண்ணனுக்காகத் தாளத்தையே விட்டுக்கொடுத்துப் பின்னால் போயிருக்கிறான். காதில் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே அதை மதிக்காமல் வாசித்திருக்கிறான். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"அவன் வாசிச்சதை ஆப்புலயே பிடிச்சு முன்னால நகத்த முடியும்லா டீச்சர்?"

"நகத்தலாம்."

"நகத்திருங்க. சேர்ந்துரும்லா?"

"பாட்டு சேர்ந்துரும்."

ஆனால் அவள் நகர்த்தவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். ஆசீரின் நம்பரை எடுத்து, கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் கையில் வைத்தாள்.

"வேண்டாம் டீச்சர். வேலை நேரம். அவன் எடுக்க மாட்டான்."

முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

"அண்ணே!" என்றான். பின்னால் ஏதோ இயந்திரச் சத்தம். வெளியே ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. "சொல்லுண்ணே. இன்னும் கொஞ்சம் பிந்தி வாசிக்கணுமா?"

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமே இல்லாத வாய் அது. நேசையா இரண்டு தடவை திறந்து மூடினார்.

"அண்ணே? கேக்குதா?"

"கேக்குடே," என்றார். "பாட்டுல நீ நிக்க இடத்துலயே நில்லு. நான் வாரேன்."