சுவர் அதே சுவர்தானே!

காவினூர் மன்னர் பூவராகருக்கு அந்த வருஷம் இரண்டு ஆசைகள். ஆற்றங்கரையில் கட்டிய புது மாளிகை, அறைக்கு ஒரு நிறமாக ஜொலிக்க வேண்டும் என்பது ஒன்று. அதற்காகக் கஜானாவைத் திறக்கவே கூடாது என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படிக் குடியிருந்தன என்று கேட்காதீர்கள். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வண்ணக்காரன் இருளப்பன் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முழுக்க வெள்ளை அடிக்க நூறு பொன்" என்று கூலி பேசியிருந்தான். வேலை தொடங்கிய மறுநாளே கூடத்துக்குச் சந்தன நிறம் வேண்டும் என்றார் மன்னர். பிறகு பள்ளியறைக்குக் கிளிப்பச்சை கேட்டார். சாப்பாட்டு அறைக்கு மாம்பழ மஞ்சள் வந்தது. விளக்கு மாடங்களுக்கு மட்டும் வாடாமல்லி என்று சொன்னபோது இருளப்பனுக்குத் தாங்கவில்லை. நேரே சபையில் வந்து கைகட்டி நின்றான்.

"மகாராசா, நான் பேசின கூலி ஒரு நெறத்துக்குங்க. நெறம் கூடினா கூலியும் கூடுமுங்க."

"ஏன் கூடணும்? சுவர் வளர்ந்திருச்சா?"

"இல்லீங்க."

"சுவர் அதே சுவர்தானே?"

"அதேதானுங்க. ஆனா ஒவ்வொரு நெறத்துக்கும் சட்டியைக் கழுவணும், அடிக்கிற மட்டையை அலசணும், மொதல்ல அடிச்சது காயற வரைக்கும் சும்மா நிக்கணும்..."

"சும்மா நிக்கிறதுக்குக் கூலியா? நீ கழுவுற தண்ணிக்கு நான் காசு கேட்டேனா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மன்னருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

"பேசின கூலி பேசினதுதான். கிரகப்பிரவேசத்துக்குள்ள எல்லா நிறமும் சுவர்ல ஏறணும். ஏறலைன்னா உன் மாடும் வண்டியும் அரண்மனைக்கு!"

இருளப்பன் முகம் செத்துப்போயிற்று. சுண்ணாம்பு ஏற்றி வர அவனுக்கு இருந்ததே அந்த மாடும் வண்டியும்தான். அவை போனால் அவன் வீட்டில் உலை வைக்க முடியாது. சபையில் சிரிக்காமல் இருந்தவர் ஒரே ஒருவர், அரண்மனையின் வாய்த்துடுக்குக்காரர் வாஞ்சியப்பர். அவர் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விட்டத்தைப் பார்த்தால் ஏதோ குறும்பு தயாராகிறது என்று அர்த்தம்.

அந்த வாரம் அம்மன் கோயில் கொடியேற்றம். மன்னர் யானைமேல் ஊர்வலமாகப் போய்க் கொடிக்கயிற்றைத் தொட்டால்தான் திருவிழாவே தொடங்கும். முகூர்த்தம் ஒரு நொடி பிசகக் கூடாது. முந்தின நாள் வாஞ்சியப்பர் குழைந்துகொண்டு வந்தார்.

"மகாராஜா, ஜனங்களுக்கு ஒரு சின்ன ஆசை. தங்களைக் கடைத்தெருவில சிவப்புப் பட்டில பார்க்கணுமாம். நெசவாளர் தெருவில நீலமாம். குயவர் தெருவில மஞ்சளாம். இப்படித் தெருவுக்கு ஒரு நிறம். அதெல்லாம் மகாராஜாவுக்குச் சிரமம்னு நானே சொல்லிட்டேன்."

"நீர் ஏன் சொன்னீர்? இதில என்னய்யா சிரமம்? ஊர்வலம் அதே ஊர்வலம்தானே? பெட்டி நிறையப் பட்டு கிடக்கு. ஆகட்டும்னு போய்ச் சொல்லும்!"

மறுநாள் கடைத்தெருவில் மன்னர் சிவப்பில் பவனி வந்தார். பூமாரி பொழிந்தது. முனையில் யானை மண்டியிட்டது, ஏணி சார்த்தினார்கள், மன்னர் இறங்கிக் கூடாரத்துக்குள் போனார். கிரீடம் கழன்றது, ஆரங்கள் கழன்றன, கடகம் மட்டும் முழங்கையில் மாட்டிக்கொண்டு அழிச்சாட்டியம் செய்தது. சிவப்பை அவிழ்த்து நீலத்தைக் கட்டி, அத்தனை நகையையும் மறுபடி பூட்டி, ஏணியில் ஏறினார். நெசவாளர் தெரு ஆர்ப்பரித்தது. மன்னருக்கு அதுவரை பெருமைதான்.

அடுத்த முனையில் இறங்கும்போது முழங்கால் முனகியது. இடைக்கச்சை வேறு முடிச்சு விழுந்து அவிழ மறுத்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு மஞ்சள் பட்டுக்குக் கை நீட்டினார்.

"அவசரப்படாதீங்க மகாராஜா" என்று தடுத்தார் வாஞ்சியப்பர். "வேர்வை காயட்டும். ஈரத்தோட கட்டினா பட்டு கறையாயிடும். கொஞ்சம் சும்மா நில்லுங்க."

காவினூரின் அதிபதி வெறும் அரைவேட்டியோடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். ஒருவன் விசிறினான். வெளியே யானை வாழைப்பழக் கடையில் ஒரு தாரை முடித்துவிட்டு அடுத்ததைத் தொட்டது. கோயிலிலிருந்து மேளம் வேகமெடுப்பது கேட்டது. மன்னருக்குப் பகீரென்றது. இன்னும் நாலு தெரு பாக்கி!

"ஓய் வாஞ்சியப்பரே! முகூர்த்தம் போயிடும்ய்யா! இந்தப் பட்டெல்லாம் ஒரு கனமா? கழட்டி மாட்டுறதும், காயற வரைக்கும் நிக்கிறதும்தான் என் உயிரை வாங்குது!"

"ஏன் மகாராஜா?" என்றார் வாஞ்சியப்பர், பச்சைக் குழந்தை மாதிரி. "உடம்பு அதே உடம்புதானே?"

மன்னர் சட்டென்று திரும்பினார். கூடார வாசலில் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவனை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"அடேய், இருளப்பனா?"

"ஆமாங்க மகாராசா. ஏணி என்னோடதுங்க."

மன்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சும்மா நிக்கிறதுக்கும் கூலி உண்டுடா! நிறத்துக்கு நிறம் தனிக் கூலி வாங்கிக்கோ. மாடு, வண்டி பக்கம் யாரும் வரமாட்டாங்க. இப்ப ஏணியைக் கெட்டியாப் பிடி!" மஞ்சளைச் சுற்றிக்கொண்டு யானைமேல் தாவினார். மிச்சத் தெருக்களுக்கும் மஞ்சளேதான். முகூர்த்தம் முடியுமுன் ஓடிப்போய்க் கயிற்றைத் தொட்டார்.

மறுநாள் இருளப்பன் சபைக்கு வந்து ஒவ்வொரு நிறத்துக்கும் கூலி சொன்னான். கேட்ட மாத்திரத்தில் வாடாமல்லி மீது மன்னருக்கு இருந்த ஆசை போயே போய்விட்டது. மற்றவற்றுக்குச் சொன்ன கூலியை முன்பணமாகவே கொடுத்தார். பிறகு வாஞ்சியப்பர் பக்கம் திரும்பினார். என்னைக் கூடாரத்தில் அரைவேட்டியோடு நிறுத்தினீரே, இரும் என்று மன்னரின் கண் சிமிட்டியது.

"அந்தப் பட்டு அத்தனையும் உமக்குப் பரிசு. ஒரு நிபந்தனை. எல்லாத்தையும் ஒவ்வொண்ணா உடுத்தி இந்தச் சபைக்குக் காட்டணும், இன்னிக்கே!"

வாஞ்சியப்பர் குனிந்து கும்பிட்டார்.

"உத்தரவு மகாராஜா. முதல் பட்டு தங்கள் அன்புக்காக. அடுத்ததிலிருந்து என்ன கூலின்னு, இதோ, இருளப்பனைக் கேட்டுச் சொல்லிடறேன்."