பயிற்சிக்கு ஒரு பெயர்

தெற்கே ஒரு பெண்கள் சிறை. அங்கே கைதிகளுக்குக் குறைவில்லை, காவலர்களுக்குத்தான் பஞ்சம். நாற்பது பேர் பார்க்க வேண்டிய வேலையைப் பதினெட்டுப் பேர் இழுத்துப் பிடித்துப் பார்த்தார்கள்.

அங்கே ஒரு வழக்கமும் உண்டு. மேலிடத்தில் பயிற்சிக்கு ஆள் கேட்டால், இருந்தும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்கிற ஆளாகப் பார்த்து அனுப்பிவைப்பார்கள். வேலை தெரிந்தவளை யார் விடுவார்கள்?

இந்த முறை உதவி ஜெயிலர் பயிற்சிக்கு ஓர் இடம் வந்தது. ஆறு மாதம். தலைமைக் காவலர் ரெபேக்காள் எழுதிக் கொடுத்த பெயர், ஆவுடைத்தங்கம்.

கேட்டதும் ஆவுடைத்தங்கத்துக்குத் தூக்கிவாரிப்போட்டது. சாவியைப் பிடிப்பதிலிருந்து சண்டையை விலக்குவது வரை ரெபேக்காளிடம் கற்றவள் அவள். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வந்ததில்லை. அவளைப் போய்! ராஜினாமாக் கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு நேரே போனாள்.

“அக்கா, நான் என்ன குத்தம் செஞ்சேன்?”

“ஒண்ணும் செய்யலியே.”

“பின்ன ஏன் என்னையக் கழிச்சுக் கட்டுதீய?”

ரெபேக்காள் அடுத்த மாதத்து டியூட்டி பட்டியலை மேசையில் விரித்தாள்.

ஆவுடைத்தங்கத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. அவற்றுக்குக் கீழே ரெபேக்காளின் பெயரும் இருந்தது. தலைமைக் காவலர் ஆனதிலிருந்து எட்டு வருஷமாக அந்தப் பட்டியலில் வராத பெயர் அது.

“நீ ஒருத்தி பாக்குற வேலைக்கு இத்தன பேரு. இன்னும் பத்தல.”

ஆவுடைத்தங்கத்துக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. கடிதத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

“அப்ப ஏங்க்கா என்னைய அனுப்புதீய? வழக்கம்போல வேண்டாதவள அனுப்பலாம்லா?”

“அனுப்புனோம். அவியதான் அதிகாரியாத் திரும்பி வந்தாவ. அவிய படுத்துன பாட்டுல நல்ல பிள்ளையள்லாம் வேலையே வேண்டாம்னு போயிட்டாளுவ.”

ஆவுடைத்தங்கம் தயங்கினாள்.

“நான் படிச்சிட்டு வந்தா ஒங்களுக்கு மேல இருப்பேன். நீங்க எனக்கு சல்யூட் அடிக்கணும். அத என்னால பாக்க முடியாதுக்கா.”

ரெபேக்காள் பட்டியலை மடித்து வைத்தாள்.

“இருவத்தேழு வருசமா யாரு யாருக்கெல்லாமோ அடிச்சாச்சு, தங்கம். ஒரு தடவையாவது மனசார அடிச்சிட்டு ரிட்டயர் ஆவுதேன்.”