ராசா நொண்டிய கால்

“அண்ணாவியாரே, நம்ம கூத்தைத் திருடிட்டானுவ!”

இன்னாசி மூச்சிரைக்க ஓடி வந்தான். ராசா வேஷக்காரன். தூத்துக்குடியில் தோணி ஏறிச் சிங்களக் கரையில் இறங்கி ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது.

கூத்து சொல்லிக்கொடுக்கும் கித்தேரியான் அண்ணாவி கருவாடு சுட்டுக்கொண்டிருந்தார். இன்னாசியைவிட வயதில் இளையவர். ஆனாலும் குரு குருதானே.

“யாருவே திருடினா?”

“இந்தக் கரைக்காரனுவதான். போன தடவை நாம ஆடுனதைப் பாத்துட்டு, இப்ப அவனுவ பாஷையில ஆடுறானுவ. அதே கதை, அதே மெட்டு!”

“நல்லதாப் போச்சு.”

“என்ன நல்லது? இது நம்ம கூத்து!”

“பரங்கிக் கப்பல்காரன் சொன்ன கதையைத்தான் எங்க தாத்தா கூத்தா ஆடினாரு. அவனும் இப்படித்தான் குதிச்சானாம். கருவாடு தின்னும்.”

இன்னாசி தின்னவில்லை.

“திருடுனாக்கூடப் போவுது. கெடுத்துட்டானுவ. மகனைப் போருக்கு அனுப்பிட்டு ராசா அரமனைக்குத் திரும்புற எடம் இருக்குல்லா? அங்க அவனுவ ராசா நொண்டுறான்! சனம் சிரிக்கும்னு பாத்தா, அத்தனையும் ஏங்கி ஏங்கி அழுவுது. என் ராசாவுக்கு இத்தனை வருசத்துல ஒருத்தர் அழுததில்ல, அண்ணாவியாரே.”



அண்ணாவி குனிந்து, இன்னாசியின் இடது காலைத் தூக்கி, உள்ளங்காலைத் திருப்பி அவனுக்கே காட்டினார். நீளமாக ஒரு தழும்பு.

“இது எப்பப் பட்டுது?”

“போன தடவை. தோணியிலேருந்து குதிக்கயில சிப்பி கிழிச்சிட்டு. அன்னைக்கு நொண்டிக்கிட்டேதான் ஆடி…”

இன்னாசி சட்டென்று காலை இழுத்துக்கொண்டான்.

“நாளைக்கு இந்தச் சனத்துக்கு முன்னால நீரு ராசா ஆடுதீரு,” என்றார் அண்ணாவி.

மறுநாள் இன்னாசி வீராப்பாகத்தான் ஆடினான். மகன் போருக்குப் போனான். ராசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, மேடைப் பலகை அதிர நடந்தார். நொண்டவா? இவனா?

முன்வரிசையில் ஒரு மீன்காரி என்னவோ கத்தினாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

மத்தளம் அடித்தவன் அந்தக் கரைக்காரன். இரண்டு பாஷையும் தெரிந்தவன்.

“என்ன சொல்லுதா?” பாட்டுக்கு நடுவே இன்னாசி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

“நீங்க ராசா இல்லையாம். வாசல் காவக்காரனாம். ராசாவை வரச் சொல்லுதா.”

இன்னாசிக்கு முகம் செத்துப்போயிற்று. அண்ணாவியைப் பார்த்தான். அவர் தாளத்தைத் தட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்தார்.

வேறு வழி? இடது காலை இழுத்து இழுத்து நொண்டினான்.

மீன்காரி விடவில்லை. மறுபடியும் கத்தினாள்.

“அந்தக் கால் இல்லையாம்,” என்றான் மத்தளக்காரன். “வலது காலாம்.”

அட கர்மமே! எதிரே உட்கார்ந்து பார்த்த சனம். தங்களுக்கு எந்தப் பக்கமாகத் தெரிந்ததோ, அந்தப் பக்கமே பிடித்து வைத்திருக்கிறது.

இன்னாசி காலை மாற்றினான்.

பழகாத கால். உடம்பு சாய்ந்தது. ஓரடி வைத்துவிட்டு நிற்க வேண்டியிருந்தது. நின்றதும் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. மகன் போன வழி வெறுமனே கிடந்தது. இத்தனை வருசத்தில் அவன் அங்கே திரும்பிப் பார்த்ததே இல்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. மீன்காரி துணியை வாயில் அடைத்துக்கொண்டாள்.

கூத்து முடிந்தது. இன்னாசி வந்து அண்ணாவி முன்னால் தொப்பென்று உட்கார்ந்தான். கன்னத்து அரிதாரமெல்லாம் கண்ணீரில் கரைந்திருந்தது. வாய் மட்டும் சிரித்தது.

அண்ணாவி அவனுடைய இடது காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிடப் போனார்.

“அது இல்ல, அண்ணாவியாரே,” என்றான் இன்னாசி. “வலதுதான் வலிக்குது.”