தாளாளர் பிடித்த பெல்ட்

நோட்டீசில் கப்பல் படம் போட்டு ஆள் சேர்ப்பவர்களுக்கு நெருப்பும் வெறும் படம்தான். கடற்படையில் தீயணைத்து ஓய்வுபெற்ற சூசை மிக்கேல், தூத்துக்குடியில் அப்படியொரு கப்பல் வேலைப் பயிற்சிக் கல்லூரியில் தீயணைப்பு வாத்தியார். சுவரில் கரி படியுமென்று, தீ மூட்டி அணைக்கப் பழக்கும் புகை அறையை மூன்று மாதம் பூட்டியே வைத்திருந்த தாளாளர் கனகசபாபதி, நாற்பது மாணவர்களும் தீயணைப்பில் தேறியதாகச் சான்றிதழ்களை அவரிடம் நீட்டினார்.

“கையெழுத்தைப் போடும்வே. இல்லாட்டி நாளைக்கு வேலைக்கு வராதேயும். பயலுவ எல்லாம் சிங்கம்.”

“போடுதேன் சார். ஆனா தீக்குள்ள யாரும் தனியாப் போகக் கூடாது. குழாய் பிடிக்கவன் பெல்ட்டைப் பிடிச்சிக்கிட்டு இன்னொருத்தர் பின்னால போவணும். ஒரு சிங்கத்துக்குப் பின்னால நீங்க போயிட்டு வாங்க, நாப்பதுலயும் போடுதேன்.”

மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்ததால் தாளாளரால் மறுக்க முடியவில்லை; புகை அறையைத் திறந்துவிட்டார். உள்ளே தட்டில் ஊற்றிப் பற்றவைத்த டீசல் எரிந்தது. வாசலில் தாளாளர், குழாயோடு நின்ற இசக்கித்துரை என்ற மாணவனின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“தம்பி, தண்ணிய எப்படித் தொறப்ப?”

“தெரியாது ஐயா. இந்தக் குழாயை இன்னைக்குத்தான் தொடுதேன்.”

தாளாளர் பின்வாங்கினார். “இவனை நம்பி நான் எப்படிவே உள்ள போவேன்?”

“கப்பல்ல இவனை நம்பி இருபது பேரு தூங்குவாங்க சார்.”

தாளாளர் பெல்ட்டை விட்டுவிட்டு, புகை அறைச் சாவியை வாத்தியாரிடம் கொடுத்தார்.