பேர் படாத விறகு

"அம்மை, இந்த மிசினுக்குள்ள சிவன் பேரு போக மாட்டேங்கு."

சொரிமுத்து இதைச் சொன்னபோது அவர் தலையெல்லாம் மரத்தூள். காதுக்குள் மிசின் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் கத்தியே சொல்லிவிட்டார்.

மடத்தை நடத்தும் உலகம்மை சோற்றுப் பானையிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"நீங்க உள்ள போயிட்டீங்களா, அண்ணாச்சி?"

சொரிமுத்து தலையிலிருந்த தூளைத் தட்டிக்கொண்டார். திரும்பிப் போனார்.

மலையடிவாரத்து மடம் அது. மலை ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் மதியம் ஒரு வேளை சோறு. மடம் சின்னதுதான், அடுப்பு மட்டும்தான் பெரிசு. முழுக்கட்டையை அப்படியே விழுங்குகிற கோட்டை அடுப்பு. அதற்கு ஒரு சட்டம் உண்டு. மடத்தை ஆரம்பித்த சாமியார் வைத்துவிட்டுப் போனது. பேர் சொல்லி வெட்டிய விறகுதான் உள்ளே போகவேண்டும். ஒரு வெட்டுக்கு ஒரு பேர். வாயை மூடிக்கொண்டு வெட்டியது வெந்நீர் போடக்கூட ஆகாது.

பத்தொன்பது வருடமாக அந்தச் சட்டத்தைக் காத்தவர் சொரிமுத்து. கண்ணை மூடுவார். 'சிவாய' என்று கோடரி ஏறும், 'நம' என்று இறங்கும். கண்ணை மூடியபடி கட்டை பிளக்கிறவரை மலைக்கு வந்தவர்கள் நின்று பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் பெருமைக்காக அவர் வெட்டவில்லை. அவருக்கு ஒரு மகள். பதினாறு வயதில், கல்யாணம் வேண்டாம், படிக்கவேண்டும் என்று மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பேய் பிடித்திருக்கிறது என்றது ஊர். ஆமாம் என்றான் பேயோட்ட வந்த கோடாங்கி. இவரும் நம்பினார். ஊருக்குத் திரும்பும் ரோட்டு விலக்கில் நின்ற புளியமரத்தில் அவளைச் சாய்த்து, உச்சிமுடியை மரத்தோடு சேர்த்து ஆணி அடித்து, முடியை அறுத்து அவளை எடுத்தார்கள். சுத்தியலைப் பிடித்தது அப்பன் கை.

அடுத்த வாரம் அவள் வீட்டில் இல்லை. எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள் என்று காற்றுவாக்கில் ஒரு சேதி வந்தது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெண்ணின் பேரை வாயால் சொன்னதில்லை. கோடி முறை சிவன் பேரைச் சொன்னால் அந்தப் பாவம் தீரும் என்று தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இப்போது தோள்பட்டை போய்விட்டது. இனிமேல் கோடரியைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பக்தர் ஒருவர் இந்த மரம் அறுக்கும் மிசினை வாங்கி வந்து வைத்து, "பெட்ரோல ஊத்திக் கயித்த இழுங்க, அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்துவிடுகிறதுதான். அதுதான் சொரிமுத்துவின் துக்கம்.

மறுநாள் அம்மை விறகு அறுக்கும் இடமான விறகடிக்கு வந்து நின்றார். அம்மைக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும், சொரிமுத்துவுக்கு அறுபத்து மூன்று. ஆனாலும் அம்மை வந்தால் இவர் எழுந்து நிற்பார்.

"அறுங்க, பாக்கேன்."

கயிற்றை இழுத்தார். மிசின் அலறியது. சொரிமுத்து கண்ணை மூடினார். உதடு அசைந்தது. என்ன சொல்கிறோம் என்று அவர் காதுக்கே கேட்கவில்லை. கட்டை உருண்டது, மிசின் துள்ளியது.

அம்மை கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"கண்ண என்னத்துக்கு மூடுதீங்க?"

"பேரு சொல்லும்போது கண்ணு தானா மூடும், அம்மை."

அம்மை கட்டையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார்.

சொரிமுத்து ஒரு வழி கண்டுபிடித்தார். மிசினில் அறுத்த கட்டைகளை வரிசையாக அடுக்கினார். மூலையில் கிடந்த கோடரியை இடது கையில் எடுத்து, ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு கொத்து, ஒரு பேர். ஒவ்வொரு கட்டையிலும் கோழி கொத்தின மாதிரி ஒரு தழும்பு. சட்டம் தப்பவில்லை என்று அவருக்குத் திருப்தி. ஆனால் மிசினில் அரை மணி நேரம் என்றால் கொத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அன்றைக்கு மடத்தில் இலை போட்டு உட்கார்ந்தவர்கள் வெறும் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலை கொதிக்கவே இல்லை.

அம்மை வந்து தழும்பு விழுந்த கட்டை ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பசிக்கவங்க கிட்ட இதைக் காட்டவா, அண்ணாச்சி?"

சொரிமுத்து கூனிக்குறுகிப் போனார்.

அந்த வாரம் லாரியில் ஒரு மரம் வந்து இறங்கியது. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய புளியமரம். அடிமரத்தைப் பெரிய பெரிய துண்டங்களாகப் போட்டிருந்தார்கள். நல்ல வைரம் பாய்ந்த மரம் எப்படிச் சும்மா வந்தது என்று கேட்டதற்கு டிரைவர் சிரித்தார்.

"உங்க ஊரு விலக்குல நின்ன மரந்தான் பெரியவரே. உள்ள பூரா ஆணி. எந்த மில்லுக்காரன் வாங்குவான்?"

லாரி போனபிறகும் அந்தத் துண்டங்கள் பக்கம் சொரிமுத்து திரும்பவில்லை. மற்ற விறகெல்லாம் தீர்ந்து வேறு வழியில்லாமல் போன அன்று, முதல் துண்டத்தின்மேல் மிசினை வைத்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்த முறை பேர் சொல்ல மூடவில்லை. அது அவருக்கே தெரியும்.

'ணங்' என்று ஒரு சத்தம். மிசின் சங்கிலி அறுந்து பறந்தது. தோளில் கிடந்த துண்டு இரண்டாகக் கிழிந்து விழுந்தது. தோலில் ஒரு கீறல் இல்லை. மிசினைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

சங்கிலியை மாற்ற வந்த மெக்கானிக், கட்டையின் அறுபட்ட பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டினார். வெளிறிய மரத்தில் மை கொட்டின மாதிரி ஒரு கறுப்பு.

"இந்தக் கறுப்பு இருந்துச்சுன்னா பக்கத்துல இரும்பு இருக்குன்னு அர்த்தம். பட்டையில புடைப்பு இருந்தாலும் அதுதான். தடவிப் பாத்து, தோண்டி எடுத்துட்டு அறுங்க. கண்ண மூடிட்டு அறுக்கிற மரமா இது?"

சொரிமுத்து நேராக அடுக்களைக்குப் போனார். கையில் கோடரி.

"அம்மை, எனக்கு இதுவே போதும். ஒத்தக் கையாலயே வெட்டுதேன். இல்லன்னா வேற ஆளப் பாருங்க. அந்த மரத்தை என்னால பாக்க முடியாது."

அம்மை கோடரியை வாங்கிக்கொண்டார். தரையில் இரண்டு தட்டு தட்டி இரும்பைக் கழற்றினார். பத்தொன்பது வருடம் அவர் கை பட்டு வழுவழுவென்று ஆகியிருந்த காம்பை அடுப்புக்குள் தள்ளினார்.

"இதுல பேரு நெறையப் பட்டிருக்கு. நல்லா எரியும்."

எரிந்தது. சொரிமுத்து அது கரியாகும்வரை நின்று பார்த்தார். அழுகை வந்தது. அழுதார். அம்மை அதைத் தடுக்கவில்லை.

பிறகு சொரிமுத்து ஓர் உளியையும் ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு விறகடிக்குப் போனார்.

கட்டையைத் தடவினார். கறுப்பைத் தேடினார். புடைத்த இடத்தில் உளியை வைத்துத் தட்டினார். ஓர் ஆணி. அதைச் சுற்றி மக்கிய கயிறோ முடியோ, யார் வீட்டுப் பெண்ணுடையதோ. சிரட்டையில் போட்டார். இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. தன் ஊரில் இத்தனை பெண்களை இந்த மரத்தில் சாய்த்திருக்கிறார்கள் என்று அவர் இதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. ஆணி எடுத்த துண்டத்தை அறுத்தார். கண்ணைத் திறந்துகொண்டே அறுத்தார். சங்கிலிப் பல் எங்கே கடிக்கிறது என்று பார்த்தால் மிசின் துள்ளவில்லை. இவ்வளவுதானா என்றிருந்தது.

மூன்றாவது துண்டத்தில் அது இருந்தது.

தலை கோணிய ஆணி. அன்றைக்கு முதல் அடி தப்பி ஆணித்தலையின் ஓரத்தில் விழுந்தது அவருக்கு நினைவிருந்தது. பட்டை மூடி வளர்ந்திருந்த இடத்தைப் பிளந்தபோது, ஆணியோடு ஒரு விரற்கடை பச்சை ரிப்பனும் வந்தது. பள்ளிக்கூடத்து நைலான் ரிப்பன். மக்காமல் அப்படியே இருந்தது.

"அப்பா, எனக்குப் பேயெல்லாம் ஒண்ணுமில்லப்பா. படிக்கணும்னுதான சொன்னேன்."

அன்றைக்கு அவள் இதைச் சொன்னாள். உடுக்கைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று இத்தனை நாள் தனக்குத் தானே சொல்லி வந்தார். கேட்டது. நன்றாகவே கேட்டது.

ரிப்பனை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டார். கயிற்றை இழுத்தார். அந்தத் துண்டத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, ஒரு நூல் விலகாமல் அறுத்து முடித்தார்.

அன்று அடுப்புக்கு விறகு நேரத்துக்கு வந்துவிட்டது. சொரிமுத்து ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். ஒரு கட்டையை மட்டும் தனியாகச் சுவரோரம் சாய்த்தார்.

"அது என்னத்துக்கு அங்கன?" என்றார் அம்மை.

"அது ஆகாது, அம்மை."

"பேரு சொல்லாம அறுத்துட்டீங்களா?"

"சொன்னேன்."

"பெறவு என்ன?"

"பேரு மாறிப்போச்சு."

"யாரு பேரு வந்துது?"

சொரிமுத்து நின்றார். கொண்டு வந்திருந்த ஆணிச் சிரட்டையைத் தரையில் வைத்தார்.

"செண்பகம்" என்றார். சொன்னபிறகு நிறுத்த முடியவில்லை. "செண்பகம், செண்பகம்னுதான் வந்துது, அம்மை. கட்டை முடியற வரைக்கும். எம் மக பேரு."

அடுப்பு வாயில் நின்றிருந்த அம்மை விலகி வழிவிட்டார்.

"அத மொதல்ல வைங்க, அண்ணாச்சி."