அரைத் தட்டு தாமதம்

கடலுக்கு நடுவே ஜமைக்கா என்று ஒரு தீவு. அங்கே கிங்ஸ்டன் நகரத்தில், சுற்றுச்சுவர் வைத்த ஒரு பெரிய முற்றத்தில், ஒரு வாத்தியக் குடும்பம் குடியிருந்தது.

வீட்டுக்குப் பெரியவர் டிரம் அண்ணாச்சி. வயிறு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. டிரம்பெட், டிராம்போன், சாக்ஸஃபோன் என்று பித்தளை அக்காமார் மூன்று பேர். காலையில் எழுந்ததிலிருந்து தங்களைப் பளபளவென்று தேய்த்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்கு வேலை. பேஸ் என்று, அடிக்குரலில் முழங்கும் ஒரு நெட்டை மச்சான். உட்காரவே மாட்டான். மேலே நாலு எட்டு, கீழே நாலு எட்டு என்று நாள் முழுக்க நடந்துகொண்டே இருப்பான். கடைசியாகக் கிட்டார். ஒல்லி. அவளால்தான் வீட்டில் தினமும் வம்பு.

அந்த வீட்டில் எதுவுமே எண்ணிக்கைப்படிதான். அண்ணாச்சி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவார். எண் விழும்போது எல்லோரும் சேர்ந்து ‘டம்’ என்று விழ வேண்டும். விழுந்தவர் பேருக்கு நேரே நோட்டில் ஒரு புள்ளி வைப்பார். கிட்டார் மட்டும் அரைத் தட்டு தாமதமாக, ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில், எல்லோரும் விழுந்து, எழுந்து, தூசி தட்டிக்கொண்டிருக்கும்போது, ‘ஸ்கா’ என்பாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொரு ‘ஸ்கா’. நோட்டில் இருந்தது நாலே கட்டம். நடுவில் புள்ளி வைக்க இடமில்லை. ஆகவே அவள் தினமும் வந்தும் வராதவளாகவே இருந்தாள்.

அவளும் முயற்சி செய்யாமல் இல்லை. முந்தின நாளே கிளம்பிப் பார்த்தாள். நேற்றைய நாலுக்கும் இன்றைய ஒன்றுக்கும் நடுவில் வந்து நின்றாள். மணிக்கூண்டிடம் போய் யோசனை கேட்டாள். தன் முள்ளைப் பிடித்துக்கொண்டு வரச் சொன்னது. பிடித்தாள். மணிக்கூண்டே அரை நிமிடம் தாமதமாகி, துறைமுகத்தில் ஒரு கப்பல் ஆளே ஏறாமல் போய்விட்டது.

பேஸ் மச்சான் மட்டும் பாவம் பார்த்து, என்னோடு நடந்து பழகு என்று கூட்டிப் போனான். அவன் கால் தரையில் இருக்கும்போது இவள் சும்மா இருப்பாள். கால் மேலே கிளம்பும்போது ‘ஸ்கா’. நீ கூட வந்தால் நடக்கச் சுளுவாக இருக்கிறது என்று அவன் சொன்னான். அதை யாரும் காதில் வாங்கவில்லை. அவளும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முற்றத்தில் ஆட்டம். தெருவே வரும். அன்றைக்கும் கிட்டார் நேரத்துக்கு விழவில்லை என்றால், திங்கட்கிழமை அவளைக் கோழிக்கூட்டுக்குக் கதவாக அடித்துவிடப் போவதாக அண்ணாச்சி அறிவித்தார். சொன்ன கையோடு இரண்டு கோழிகள் வந்து அளவெடுத்தன. உடம்பு பொருந்துகிறது, கழுத்துதான் நீளம், வெட்டிக்கொள்ளலாம் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டன. கிட்டாருக்கு ஆறு கம்பியும் நடுங்கியது.

ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். தைக்கிற நூலை எடுத்து ஒரு முனையை அண்ணாச்சியின் குச்சியிலும், மறு முனையைத் தன் கம்பியிலும் கட்டிக்கொண்டாள். குச்சி இறங்கினால் நூல் இழுக்கும். இழுத்தால் அவள் ஒலித்துத்தானே ஆக வேண்டும்.

ஞாயிறு வந்தது. வாசலில் அன்றைய பாட்டுகள் வரிசையில் நின்றன. முதலில் ரயில் பாட்டு, பின்னால் கல்யாணப் பாட்டு, கடைசியில் வேலை போனவன் பாட்டு. அது கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆட வேண்டிய பாட்டு. தையற்காரி யூஃபீமியா புதுச் சிவப்புச் செருப்பு போட்டுக்கொண்டு முன்வரிசையில் வந்து நின்றாள். சோடாக்காரர் பெர்சிவல் தட்டோடு வந்தார்.

ரயில் பாட்டு உள்ளே நுழைந்தது. அண்ணாச்சி, ஒன்று என்றார். டம். வீடு மொத்தமும் சேர்ந்து விழுந்தது, கிட்டார் உட்பட. கூட்டம் மொத்தமும் காலைத் தரையில் வைத்தது. இரண்டு. டம். வைத்த கால் வைத்தபடி இன்னும் கொஞ்சம் அழுந்தியது. மூன்றில் யூஃபீமியாவின் செருப்பைக் காணோம். நாலில் கணுக்கால் மறைந்தது.

ஆட்டம் சூடு பிடிக்கவில்லை என்று நினைத்து அண்ணாச்சி இன்னும் ஓங்கி அடித்தார். ஜனங்கள் முழங்கால் வரை போனார்கள். பெர்சிவல் இடுப்பு வரை இறங்கியும் சோடா விற்பதை நிறுத்தவில்லை. ரயில் பாட்டு நடுமுற்றத்தில் சக்கரம் புதைந்து நின்றுவிட்டது. வெளியே நின்ற மற்றப் பாட்டுகள், நாங்கள் வீட்டுக்குப் போகிறோம் என்று கிளம்பப் பார்த்தன.

யூஃபீமியா கையை உயர்த்தி அடியை நிறுத்தச் சொன்னாள். "அண்ணாச்சி, என்ன நடக்குது இங்க?"

"எல்லாரும் நேரத்துக்கு வந்திருக்கோம்மா. இன்னிக்குத்தான் நோட்டுல ஒரு கட்டம் பாக்கியில்ல."

"நோட்டு நிறைஞ்சது சரி. நான் நெஞ்சு வரைக்கும் மண்ணுல நிக்கறேன். காலை வையின்னு சொல்ல இத்தனை பேர் இருக்கீங்களே, எடுன்னு சொல்ல ஒரு ஆள் இல்லையா?"

அண்ணாச்சி அக்காமாரைப் பார்த்தார். அக்காமார் தங்கள் பளபளப்பைப் பார்த்துக்கொண்டார்கள். வேறு வழி தெரியாமல் அவர் மறுபடி குச்சியை ஓங்கினார்.

கிட்டார் சுவரைப் பார்த்தாள். சுவர்மேல் கோழிகள் சுத்தியலும் ஆணியுமாக உட்கார்ந்திருந்தன. கீழே பார்த்தாள். யூஃபீமியாவின் கழுத்துக்கு இன்னும் ஒரு ஜாண்தான் பாக்கி. நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள்.

ஒன்று விழுந்தது. அவள் பேசாமல் நின்றாள். எல்லோரும் விழுந்து முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். பிறகு, ‘ஸ்கா’.

பொளக்கென்று யூஃபீமியாவின் இடது கால் வெளியே வந்தது, செருப்போடு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வலது கால். அண்ணாச்சி வைக்கச் சொல்ல, கிட்டார் எடுக்கச் சொல்ல, ஒருவர் பின் ஒருவராக முற்றமே மேலே எழும்பியது. பேஸ் மச்சான் நடக்க வழி கிடைத்தது. ரயில் பாட்டு ஊதிக்கொண்டு கிளம்பியது. கல்யாணப் பாட்டு காத்திருக்கப் பொறுமையில்லாமல் சுவரேறிக் குதித்தது. வேலை போனவன் பாட்டு அழுதுகொண்டே வந்து, வேர்த்து விறுவிறுத்துப் போனது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் ஆட்டத்துக்குப் போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்காவுக்குப் போகிறேன் என்றார்கள். அந்த இசைக்கே அதுதான் பேராகிவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். தப்பு தன்னுடையது என்று சொல்லிப் பழக்கமில்லாத தொண்டை அது. நோட்டை மூடி வயிற்றுக்கு அடியில் வைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கும் இதே மாதிரி லேட்டா வந்து சேரு. லேட்டா வர்றதுக்கு லேட்டாயிடுச்சுன்னு மட்டும் எங்கிட்ட வந்து நிக்காதே."

"சரி அண்ணாச்சி" என்றாள் கிட்டார், அவர் சொல்லி முடித்து அரைத் தட்டு கழித்து.

அந்த அரைத் தட்டில் அண்ணாச்சியின் கால், அவருக்கே தெரியாமல், தரையை விட்டு எழும்பியிருந்தது.