மண்டபத்துக்குப் போன அம்மிக்கல்

நெடுங்குளத்து ராஜா கொற்றவேலருக்கு ஒரு வருஷம் கிளிப் பைத்தியம், மறு வருஷம் மல்யுத்தப் பைத்தியம். நான் சொல்லப்போகிற வருஷம் பிடித்தது பழைய கைக்கருவிப் பைத்தியம். ராஜாவுக்குப் பைத்தியம் பிடித்தால் மருந்து கொடுக்க யார் வருவார்கள்? தூபம் போடத்தான் வருவார்கள். அப்படி வந்து ஒட்டிக்கொண்டவர் பஞ்சநதம்.

எந்தக் கருவியைக் கொடுத்தாலும் பஞ்சநதம் தடவுவார், முகர்வார், நாக்கு நுனியால் தொட்டுக்கூடப் பார்ப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "நூற்றைம்பது வருஷம்" என்பார். சபையே வாயைப் பிளக்கும். மனுஷரின் வித்தை இவ்வளவுதான்: வழவழப்பாக இருந்தால் பழசு, சொரசொரப்பாக இருந்தால் புதுசு.

ராஜா அவரை அரண்மனை மதிப்பாளர் ஆக்கினார். கூடவே ஓர் உத்தரவும் போட்டார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கைக்கருவி எதுவானாலும், எவருடையதானாலும், அரண்மனை மண்டபத்துக்கு வந்துவிட வேண்டும். அதன் பிறகு அதை யாரும் தொடக்கூடாது.

இரண்டே நாளில், சபையில் வாய்ச் சாமர்த்தியத்துக்குப் பேர்போன வெண்காடனின் வீட்டு வாசலில் இருளப்ப ஆசாரி வந்து நின்றார்.

"தேருக்கு எட்டு நாள்தான் இருக்கு சாமி. சக்கரம் ஒண்ணு பிளந்து கிடக்கு. புதுச் சக்கரத்தைப் பாதி செதுக்கிட்டு இருந்தேன், கையில இருந்த வாய்ச்சியைப் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

"வேறு வாய்ச்சி கிடைக்காதா?"

"அண்ணன்கிட்ட இரவல் வாங்கிச் செதுக்கினேன். கைக்குப் படியலை, ஒரு பலகையே பாழாப் போச்சு. தேர் நின்னுதுன்னா தேர்வேலை எங்க குடும்பத்தை விட்டே போயிரும் சாமி." ஆசாரி வெறுங்கையை விரித்துக் காட்டினார். "அந்தப் பிடியைத் தடவிட்டு மதிப்பாளரு இருநூறு வருஷம்னாரு. போன தையில நான் போட்ட புளியம்பிடி அது. கை வேர்வை பட்டு வழவழன்னு ஆயிருச்சு."

வெண்காடனுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போனான். ராஜா அப்போதுதான் விருந்து முடித்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். பாதி கேட்பதற்குள் கொட்டாவி வந்துவிட்டது.

"ஆசாரிக்கு வேறு வாய்ச்சி செய்யத் தெரியாதா என்ன?" என்றவர், 'வாய்ச்சி மண்டபத்திலேயே இருக்கட்டும்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாய்ந்து படுத்தார்.

மறுநாள் காலை வெண்காடன் பஞ்சநதத்தைத் தேடிப் போனான்.

"ஐயா, ஊரெல்லாம் அலைகிறீர்களே, அரண்மனைக்குள்ளேயே புதையல் இருக்கிறது. உங்கள் கண் படவில்லை, அவ்வளவுதான்."

பஞ்சநதத்துக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெண்காடன் அவரை அழைத்துப் போன இடம் சமையற்கட்டு.

பஞ்சநதம் அம்மியைத் தடவினார். "அடடா, என்ன வழவழப்பு. முந்நூறு வருஷம்."

சமையல்காரி சொர்ணத்தம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஆறு வருஷத்துக்கு முந்தி சந்தையில நான் வாங்கினது ஐயா. அம்மி கொத்துறவன் ரெண்டு மாசமா வரலை, அதான் வழுக்குது."

"சமைக்கிறவளுக்குக் கல்லைப் பற்றி என்ன தெரியும்?" என்றார் பஞ்சநதம். ஆட்டுக்கல், அரிவாள்மனை, தேங்காய் துருவி என்று வரிசையாகத் தடவிக்கொண்டே போனார். எல்லாம் வழவழதான். காவலர்கள் வந்து அத்தனையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சொர்ணத்தம்மாள் வெறும் அடுப்பைப் பார்த்து நின்றாள். "உள்ளதை வைத்துச் சமையுங்கள் அம்மா, பழி என்னுடையது" என்று வெண்காடன் அவள் காதில் மட்டும் சொன்னான்.

மதியம் ராஜா பசியோடு இலை முன்னால் உட்கார்ந்தார். சோறு விழுந்தது. துவையல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேங்காய் மூடி, நாலு வறமிளகாய், ஓர் உருண்டைப் புளி. ஒரு முழுப் புடலங்காய் வெந்து இலைக்குக் குறுக்கே படுத்திருந்தது.

"இது என்ன?" என்றார் ராஜா.

"துவையல், மகாராஜா. அரைக்கவில்லை" என்றான் பரிமாறியவன்.

"ஏன் அரைக்கவில்லை?"

"அம்மி மண்டபத்தில் இருக்கிறது. அதைத் தொடக்கூடாதாம்."

ராஜா எழுந்து விறுவிறுவென்று மண்டபத்துக்குப் போனார். அங்கே பட்டுத்துணி மேல் அம்மிக்கல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. 'முந்நூறு வருஷம், விலைமதிப்பற்றது' என்று ஓலையும் கட்டியிருந்தது. பின்னாலேயே வந்த சொர்ணத்தம்மாள் சந்தைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். பஞ்சநதம் தூணைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், ராஜாவை மட்டும் பார்க்கவில்லை.

"வெண்காடா, இது உன் வேலைதானே?"

"உத்தரவு தங்களுடையது மகாராஜா. 'எவருடையதானாலும்' என்று எழுதியிருந்தது. சமையற்கட்டை விட்டால் ராஜதுரோகம் ஆகிவிடுமே என்று பயந்துவிட்டேன்."

ராஜாவுக்கு மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியவில்லை. "சரி, அம்மி உடனே சமையற்கட்டுக்குப் போகட்டும். யார் தூக்குவது?"

"மதிப்பாளரே தூக்கட்டும். வயசுதான் தவறிவிட்டது, எடையையாவது சரியாகச் சொல்லட்டும்" என்றான் வெண்காடன்.

பஞ்சநதம் அம்மியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, முக்கி முனகி நடந்தார். கொஞ்ச நேரத்தில் துவையல் வாசனை மண்டபம் வரைக்கும் வந்தது. ராஜாவின் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது.

"மகாராஜா, ஆசாரியின் வாய்ச்சி?"

"அதற்கென்ன, சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கலாம்."

வெண்காடன் ஓலையையும் எழுத்தாணியையும் நீட்டிக்கொண்டு வழியில் நின்றான். "வேண்டாம் மகாராஜா, பசி இருக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தாங்கள் வயிறு நிறைந்து போட்ட கையெழுத்தைத்தான் நேற்றே பார்த்துவிட்டேனே."

ராஜா சிரித்த சிரிப்பில் எழுத்து கோணிப்போயிற்று. ஆனாலும் ஆசாரிக்கு அது போதும்.